தையில் காட்டை விட்டு வந்தவர்

புலிக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு மனிதனுக்குக் கொட்டாவி வரும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அவர் என் அக்காவின் கணவர். மத்திய சர்க்காரின் நில ஆய்வுத் துறையில் வேலை. மண்ணுக்குள் புதைந்து கல்லாகிப்போன எலும்புகளைத் தேடிக் காடு மலையெல்லாம் அலைவதுதான் உத்தியோகம். நர்மதைக் கரைக் காடு, இமயமலையில் புல்கூட முளைக்காத பனிப் பள்ளத்தாக்கு, கோதாவரிக்கு அந்தப்புறம் வண்டித்தடம் முடிந்துபோகிற வனம் என்று அவர் போகாத இடம் இல்லை. வேறு யாராவது அந்த வாழ்க்கையை வாழ்ந்திருந்தால் தெருவே கூடிக் கதை கேட்டிருக்கும். இவர் சொன்னால் கேட்பவன் மெல்லச் சுவரில் சாய்ந்துவிடுவான்.

"ஓடைக்குள்ள எறங்கி நின்னனுங்க மாப்ள" என்று ஆரம்பிப்பார். அந்த ஓடையின் கரை என்ன நிறம், மேலே இருப்பது என்ன மண், அதற்குக் கீழே சிவப்பாக ஓடுவது என்ன மண், இரண்டுக்கும் நடுவே ஏன் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு என்று போய்க்கொண்டே இருக்கும். ஈரோட்டிலிருந்து நூல் லோடு வந்ததா இல்லையா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில், "அப்பத்தான் தலையத் தூக்கிப் பாத்தேன். எதுத்த கரையில புலி நின்னுட்டு இருந்துச்சு" என்பார்.

"அய்யோ, அப்பறம்?"

கொஞ்ச நேரம் யோசிப்பார். "அப்பறம் அது தண்ணி குடிச்சுட்டுப் போயிருச்சுங்க."

அவ்வளவுதான். புலிக்கு ஒரு வரி, மண்ணுக்கு முக்கால் மணி நேரம். ஒரு தடவை மலைத்தேனீக்கள் கொட்டி முகம் பூசணிக்காயாகிக் கண் திறக்காமல் கிடந்திருக்கிறார். இன்னொரு தடவை ஆற்று நடுத்திட்டில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு பச்சை மக்காச்சோளத்தைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறார். இதெல்லாம் அவர் சொல்லி எங்களுக்குத் தெரியவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் ஊட்டிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார். அவர் சொல்லித்தான் தெரியும். அக்கா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஏனுங்க, இதையெல்லாம் சொல்லவே இல்லியே?" என்று அவரைக் கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். ரசம் ஊற்றி, அதுவும் ஆறிய பிறகு, "நீ கேக்கலியே கண்ணு" என்றார்.

அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. "அவசரப்பட்டா ஒடஞ்சு போயிருமுங்க" என்பார். கல்லை உடைக்காமல் கல்லுக்குள் இருக்கும் எலும்பை எடுத்துப் பழகிய கை. அதே கையால்தான் எல்லாவற்றையும் தொடுவார். கொய்யாப்பழத்தை விதை விதையாகத் தின்பார். பார்சல் வந்தால் சணல் கயிற்றின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார், கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கும். என் காலில் கருவேலமுள் ஏறி ஒடிந்துபோனபோது ஒரு மத்தியானம் முழுவதும் என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊசியால் கிளறிக்கொண்டிருந்தார். வலிக்கவே இல்லை. ஆனால் அந்த மத்தியானம் ஒரு பார்ட்டி சரக்குக்கு வந்து, காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். முள்ளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "முழுசா வந்துருச்சு பாருங்க" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. திருப்பூரில் அப்போதே எல்லாருக்கும் ஓட்டம்தான். தறி இருந்த வீடுகளில் பனியன் மெஷின் ஏறிக்கொண்டிருந்த காலம். மின்சாரம் இருக்கும்போது ஓட்டு, இல்லாதபோது வெட்டு, சனிக்கிழமை கூலி, திங்கட்கிழமை டெலிவரி. நானும் நாலைந்து மெஷினை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தேன். இதற்கு நடுவில் பெருமாநல்லூர்ப் பக்கம் வெள்ளாமைக் காட்டுக்காரர் வீட்டில் பிறந்து, மெட்ராஸில் படித்து, கல்கத்தாவில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ரசம் ஆறும்வரை யோசிக்கிற ஒருவர் எங்களுக்கு வந்து வாய்த்தார். "சட்னி இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று அக்கா கேட்டால்கூடத் தட்டைப் பார்ப்பார், சட்னியைப் பார்ப்பார். அவர் முடிவுக்கு வருவதற்குள் அக்கா வைத்துவிட்டுப் போயிருப்பாள்.

மனிதர்கள் விஷயத்தில்தான் அந்த நிதானம் எங்களை வதைத்தது. ஐப்பசி பிறந்தால் காட்டுக்குப் போவார். பங்குனி வெயில் ஏறிய பிறகுதான் வெளியே வருவார். அப்புறம் கல்கத்தாவில் ஆபீஸ், அக்கா மட்டும் திருப்பூரிலேயே இருந்தாள். எங்களுக்குக் கிடைப்பது சித்திரையில் கொஞ்சம், ஆடியில் கொஞ்சம். நல்ல காரியங்கள் எல்லாம் நடக்கிற தை மாதத்தில் அவர் எங்கேயாவது ஒரு ஓடைக்குள் குந்தியிருப்பார். மகள் பிறந்தபோது இல்லை. காது குத்தியபோது இல்லை. அவள் பெரியவளாகிச் சீர் செய்தபோதும் இல்லை. "இன்னும் ஒரு ஓடை பாக்க வேண்டியிருந்துச்சு" என்று வந்து சொல்வார். அவள் சிறு பிள்ளையாக இருந்த ஒரு சித்திரையில் அவரை அழைத்துவர அக்காவும் மகளும் நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். ரயிலிலிருந்து இறங்கியவர் எங்களைப் பார்க்காமல் தண்டவாளத்தில் கொட்டியிருந்த ஜல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குழந்தை அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்த பிறகுதான் குனிந்து, இது யார் என்பதுபோல ஒரு நிமிடம் பார்த்தார். அக்கா அன்று முழுக்க என்னிடம்கூடப் பேசவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. பிரியமும் உண்டு. இரண்டும் சேர்ந்து பெரிய அசதியாக இருந்தது.

அவருக்கும் என் கம்பெனிக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. கால் முறிந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அதே வைத்தியம்தான் அந்தக் கல் எலும்புகளுக்கும். பாதி தோண்டிய எலும்பின்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, அதற்குமேல் மாவில் நனைத்த துணிப்பட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டு, காய்ந்து ஓடு மாதிரி இறுகிய பிறகுதான் பெயர்த்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை கோடி வருஷம் மண்ணுக்குள் தாங்கியது கைபட்டதும் உதிர்ந்துவிடும். மற்றவர்கள் சாக்குத் துணியை வைத்துக் கட்டுவார்களாம். இவர் ஒரு ஆடியில் எங்கள் கம்பெனி வெட்டுக் கழிவை எடுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் வளைந்து எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதிலிருந்து வருஷா வருஷம் வெளுத்த துணியில் மிஞ்சும் கழிவை மூட்டை கட்டி வைத்திருப்பேன். அவர் தூக்கிக்கொண்டு போவார். "திருப்பூர் பனியனப் போட்டுக்கிட்டுத்தானுங்க எல்லா எலும்பும் கல்கத்தா போவுது" என்று ஒருமுறை சொன்னார். அவர் செய்த ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா மகளுக்குச் சாமளாபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது அறுபதுகளின் கடைசியில். மாப்பிள்ளை வீட்டார் தையை விட்டால் முடியாது என்றார்கள். அவர் அப்போது ஆடி லீவில் வீட்டில் இருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "எனக்குன்னு இத்தன வருசத்துல ஒண்ணுமே கேக்கலீங்க. தாரை வாத்துக் குடுக்கறப்ப எம்பக்கத்துல நீங்க நிக்கோணும். வேற ஆரையும் வெச்சு எங்கொழந்தையக் குடுக்க மாட்டேன்" என்றாள். காலையில் கேட்டதற்குச் சாயங்காலம் பதில் வந்தது.

"வந்தர்றேன் கண்ணு."

அக்கா அதைப் பத்திரம் மாதிரி எடுத்துக்கொண்டாள். யோசிக்காமல் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

அந்த வருஷம் அவர் புறப்படும்போது நான் ஊரில் இல்லை, நூல் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தேன். கம்பெனிக்கு வந்து தானே துணியைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாராம். மெஷினிலிருந்து இறங்கிய, இன்னும் வெளுப்புக்குப் போகாத கோராத் துணி. திடமாக, நீள நீளமாக இருந்ததால் அவருக்குப் பிடித்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன். கோராவில் பஞ்சின் மெழுகு அப்படியே இருக்கும். சோடா போட்டு வேகவைத்து எடுத்தாலொழிய அது தண்ணீரைக் குடிக்காது. ஆனால் மேஸ்திரி, ஆபீஸர் ஐயா அரை நாள் பார்த்துப் பார்த்து எடுக்கிறாரே, அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டான்.

மார்கழி கடைசியில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது.

"தம்பி, நீ போயிக் கையோட கூட்டிக்கிட்டு வந்துரு."

"அவருதான் வர்றேன்னு சொல்லியிருக்காரே அக்கா."

"சொன்னது நெசந்தான். அங்க குந்திட்டார்னா நாளு ஓடறது தெரியாது. நீ போ."

தொழிலைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஒரு மர லாரி, அப்புறம் மாட்டு வண்டி, அதற்கு அப்புறம் நடை. என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே காடு அதுதான், இனிமேலும் பார்க்க ஆசையில்லை. கொசு பகலிலேயே கடித்தது. கரடி உண்டு, பேசிக்கொண்டே வாருங்கள் என்று வழிகாட்டி வந்தவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். பேசத்தான் எனக்கு மூச்சு இல்லை.

ஓடைக்கரையில் நாலு கூடாரம். அவர் இடுப்பில் அரைக்கால் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, முதுகு கறுத்து, மண்ணில் முட்டி போட்டிருந்தார். கையில் ஒரு சின்ன பிரஷ். வருஷக்கணக்காக அவர் சொல்லி நான் தூங்கிப்போன விஷயம் அவருக்கு முன்னால் கிடந்தது. முதுகெலும்பு மட்டும் எங்கள் கம்பெனியின் வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் வரும். பக்கத்தில் விலா எலும்புகள் வரிசையாக, ஒரு தொடை எலும்பு என் நெஞ்சு உயரத்துக்கு. சிவந்த மண்ணுக்குள் ஒரு பெரிய உயிர் ஒருக்களித்துப் படுத்திருப்பது எனக்கே தெரிந்தது. தோளில் இருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "வாங்க மாப்ள. இப்படி முழுசா ஒண்ணு, ஒரே எடத்துல படுத்தது, நான் பாத்ததே இல்லீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்படி நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

பிறகுதான் மற்றதைக் கவனித்தேன். எலும்பின்மேல் போட்டிருந்த கட்டுகள் தோல் உரிகிற மாதிரி கழன்று கிடந்தன. ஒரு பட்டையைக் கையில் எடுத்தேன். மாவு தனியாக, துணி தனியாக வந்தது.

"என்னமோ தெரியலீங்க, இந்தத் தடவை மாவு பிடிக்கவே மாட்டீங்குது" என்றார். "மாவுதான் கெட்டுப்போச்சோன்னு மறுபடி மறுபடி மாத்திப் போட்டுப் பாத்தேன். போட்டது பூராக் கழண்டுருச்சு."

நான் ஒரு செம்புத் தண்ணீரை அந்தத் துணியின்மேல் ஊற்றினேன். தாமரை இலையில் உருளுவதுபோல உருண்டு ஓடியது. அவரே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "வெளுக்காததுங்களா?" என்றார். "ஆமாங்க மாமா" என்றேன். இப்படி ஒரு தப்பு திருப்பூரிலிருந்து துணி கொண்டுபோகிறவனுக்கு மட்டும்தான் வரும். சாக்கைக் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லை.

அந்தக் கட்டுகள் மட்டும் பிடித்திருந்தால் எல்லாம் என்றோ முடிந்து எலும்பு வண்டி ஏறியிருக்கும். மாவு போட்டு, கழன்று, மறுபடி போட்டு, அதிலேயே மார்கழி போய்விட்டது. முகாமில் இருந்த வேட்டி, படுக்கை விரிப்பு, தலைத்துண்டு எல்லாவற்றையும் கிழித்து உடைகிற இடங்களில் சுற்றிவிட்டார்கள். அவர் அரைக்கால் சட்டையோடு நின்றதற்கு அதுதான் காரணம். இனி ஒன்றுதான் வழி. அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவிட்டு, கோராவை அதில் வேகவைத்து, அலசிக் காயப்போட்டு, முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்குள் முகூர்த்தம் போய்விடும்.

அவர் எலும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவுக்காக இழுத்துப்போக வந்தவன்தான் நான். ஆனால் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் துணியவில்லை.

"மாமா, நீங்க போங்க. நான் இருந்து வேகவெச்சுக் கட்டறேன். வெளுப்பு எனக்குத் தெரியும். கட்டறத இவங்க காட்டிக் குடுப்பாங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் யோசித்தார். வழக்கம்போல. வெயில் கூடாரத்துக்கு அந்தப்புறம் போகிற வரைக்கும் யோசித்தார்.

"பொண்ணுக்குப் பட்டம் கட்டறது ஆருங்க?" என்றார்.

நான் தாய்மாமன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணவறையில் உட்கார முடியாது. தாரை வார்க்க அப்பன், பட்டம் கட்ட மாமன். இரண்டு பேரில் ஒருவரைக்கூட அந்தக் குழியருகில் விட்டுவர முடியாது. அவருக்கு இதெல்லாம் தெரியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

"மூடிரலாமுங்க" என்றார். "மண்ணுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது. கண்ணாலம் முடிஞ்சு வந்து எடுத்துக்கலாம்."

ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். அவர் அவர்களை நிறுத்திவிட்டு, சலித்த மண்ணைத் தானே இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முதலில் ஒரு படுகை போட்டார். அதற்குமேல்தான் மற்றவர்களைக் கொட்டவிட்டார். நானும் அள்ளினேன். இருவரும் ஊருக்கு ரயில் ஏறினோம். விஜயவாடாவில் இட்லி வாங்கி வந்தேன். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் வானத்தைப் பார்த்தபடி வந்தார். அவர் வானத்தைப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்காவின் முகத்தை அன்று பார்த்தவர்கள் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் செம்பைப் பிடிக்க, அவர் தாரை வார்த்தார். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கொஞ்சம் வெரசா ஊத்துங்க, நேரம் போவுது" என்றார். பந்தலே சிரித்தது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் அதே மாதிரிதான் ஊற்றினார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுவீடு முடிந்ததும் நல்ல வெளுத்த துணியாக இரண்டு மூட்டை கட்டிக் கொடுத்து அவரை ரயில் ஏற்றி விட்டேன். அவர் போய்ச் சேர்வதற்குள்ளேயே, மாசி முதலில், அந்தப் பக்கம் பருவம் தவறிய மழை என்று பேப்பரில் பார்த்தேன். பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

சித்திரையில் வந்தார். வீட்டுக்குப் போகுமுன் நேராகக் கம்பெனிக்கு வந்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தில் என் காதருகே குனிந்து, "ஓடை கரையோட எடுத்துட்டுப் போயிருச்சுங்க மாப்ள. தேடிப் பாத்தேன், துண்டுகூட இல்லை" என்றார். நான் பேச வாயெடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காகிட்டச் சொல்லிறாதீங்க. கொழந்தை கண்ணாலத்து மேல அந்தப் பேச்சு விழக்கூடாது."

குழியை மூடிவிட்டு வந்த கதையைக் கல்யாணத்தின்போதே நான் சொல்லியிருந்ததால், அன்று மத்தியானம் அக்கா கேட்டாள், "ஏனுங்க, உங்க எலும்பு நல்லபடியா வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு. கல்கத்தாவுல வெச்சிருக்காங்க" என்றார்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அவிநாசித் தேருக்குப் போனால் அங்கே சொன்னாள். சம்பந்தி வீட்டில் சொன்னாள். காய்கறிக்காரியிடம் சொன்னாள். "எங்கூட்டுக்காரரு எடுத்தது கல்கத்தாவுல நிக்குது. எம்மக கண்ணாலத்துக்கும் வந்தாரு, அதையும் எடுத்தாரு." அவள் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் எங்கேயும் போக மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகும் காடு காடாகப் போனார். சின்னச் சின்னதாகப் பல், தாடை என்று என்னென்னவோ எடுத்தார். முழுசாக ஒன்று அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு பொய்யைப் பத்து வருஷம் காவல் காப்பது பனியன் கம்பெனி நடத்துவதைவிடக் கஷ்டம். நான் ஓய்ந்துபோனேன்.

அவர் ரிட்டையர் ஆகி வந்த பிறகு அக்கா ஒரு நாள், "அதை நான் ஒருக்காப் பாக்கோணும்" என்றாள். தட்டிக்கழிக்க எத்தனை காரணம் உண்டோ அத்தனையும் சொன்னேன். எதுவும் பலிக்கவில்லை. மூன்று பேரும் கல்கத்தா போனோம்.

பெரிய மியூசியம். உயர்ந்த கூடத்தின் நடுவில் ஒரு ராட்சச எலும்புக்கூடு, இரும்புக் கம்பியில் நின்றுகொண்டிருந்தது. கீழே பலகையில் எங்கே கிடைத்தது, யார் எடுத்தது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஊரும் வேறு, ஆளும் வேறு. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் அந்தப் பலகையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இதுதானுங்களா?"

"ஆமா" என்றார் அவர்.

அவள் அதைச் சுற்றி வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தாப் பெருசுங்களா!" என்றாள். அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், எலும்புக்கூட்டின் கால்களைத்தான்.

வெளியே வந்ததும் அவர் டீ வாங்கிவரப் போனார். நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்தோம். எனக்கு முழங்கால் வலி.

"அது அவரு எடுத்ததில்லைன்னு எனக்குத் தெரியுந் தம்பி" என்றாள் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சட்னி வேணுமான்னு கேட்டாக்கூட யோசிக்கற மனுசன். நான் கேட்டு வாய மூடல, ஆமாங்கறாரு. அன்னைக்கிச் சித்திரையிலயும் இப்படித்தான், கேட்ட ஒடனே வந்துருச்சுன்னாரு. அப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்பறம் எதுக்கு ஊரு பூராச் சொல்லிட்டுத் திரிஞ்ச? எதுக்கு இத்தன தூரம் இழுத்துட்டு வந்த?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"சொல்லாம உட்டுட்டா, அவருக்கு நான் கண்டுபுடிச்சுட்டேன்னு தெரிஞ்சு போகுமில்ல? இங்க கூட்டிட்டு வந்தது வேற. எம்மக கண்ணாலத்துக்கு வந்ததாலதான் போச்சுன்னு ஒருக்காவாச்சும் மனசுல நெனச்சிருப்பாரோன்னு எனக்கு அரிச்சுட்டே இருந்துச்சு. அது முன்னாடியே அவர நிறுத்திக் கேட்டுட்டேன். கொறை இருந்திருந்தா அங்க வாயில வந்திருக்கும். இன்னைக்கும் சொல்லல பாத்தியா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லல தம்பி."

எனக்கு இருவர்மேலும் ஆத்திரம் வந்தது. நானும் அவரும் மட்டும்தான் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒரே பாரத்தை மூன்று பேரும், ஆளுக்கு ஒரு மூலையில், ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொல்லாமல் தூக்கியிருக்கிறோம்.

அவர் மூன்று மண் குவளைகளையும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஒரு குவளையை வாங்கினாள்.

"ஏனுங்க, டீயக் குடிச்சுட்டு இன்னொருக்கா உள்ள போயிப் பாக்கலாமுங்களா? இத்தன தூரம் வந்துட்டோம்."

அவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவளை அப்படி அவர் பார்த்து நான் கண்டதில்லை. அவர் "பாக்கலாம் கண்ணு" என்று சொல்வதற்குள் என் டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.